யாரும் பார்க்காத நாடகத்துக்கு ஒரு சண்டை: ‘போர்கி அண்ட் பெஸ்’, 1935 முதல் 2012 வரை

2011 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க நாடக ரசிகர்களுக்குள் பெரிய சண்டை ஒன்று நடந்தது. சண்டைக்குக் காரணமான நாடகத்தை அதுவரை டிக்கெட் வாங்கி ஒருத்தர்கூடப் பார்த்திருக்கவில்லை. முதல் முன்னோட்டக் காட்சிக்கே இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனாலும் ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள்.

அந்த நாடகம் ‘போர்கி அண்ட் பெஸ்’. ஜார்ஜ் கெர்ஷ்வின் இசையமைத்து 1935இல் மேடையேறியது. ‘சம்மர்டைம்’ என்ற தாலாட்டுப் பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். ஜாஸ் பாடகர்களில் அதைப் பாடாதவர்கள் குறைவு. அந்தப் பாட்டு இந்த நாடகத்தில்தான் பிறந்தது. நாலைந்து மாதமாக இதன் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டும், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டும் இருக்கிறேன். அதில் சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

முன்னோட்டக் காட்சி என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிராட்வேயில் ஒரு நாடகம் அதிகாரபூர்வமாகத் திறப்பதற்கு முன்னால் சில வாரங்கள் டிக்கெட் விற்று நடத்துவார்கள். விமர்சகர்களின் தீர்ப்பு வெளியாகிறது திறப்பு நாளை ஒட்டித்தான். அதுவரை வேலை நடந்துகொண்டே இருக்கும். ராத்திரி பார்வையாளர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள் என்று கவனிப்பார்கள். மறுநாள் பகலில் வசனத்தை வெட்டுவார்கள், பாட்டை இடம் மாற்றுவார்கள், சாயங்காலம் புது வடிவம் மேடையேறும். நம்ம ஊர் பாஷையில் வெள்ளோட்டம். முன்பெல்லாம் இதை நியூயார்க்குக்கு வெளியே பாஸ்டன், நியூ ஹேவன், ஃபிலடெல்ஃபியா மாதிரி ஊர்களில் செய்வார்கள். பிறகு நியூயார்க்கிலேயே முன்னோட்டம் நடத்துவது வழக்கமாகிவிட்டது.

தீவிர ரசிகர்களுக்கு முன்னோட்டக் காட்சி என்றால் தனி ருசி. விமர்சகர் சொல்வதற்கு முன்னால் நாம் பார்த்துவிட்டோம் என்கிற பெருமை ஒரு பக்கம். இன்னும் ஈரம் காயாத ஒன்றைப் பார்க்கிறோம் என்கிற பரபரப்பு இன்னொரு பக்கம். புது நாடகமாக இருந்தால் அதோடு முடிந்தது. பழைய நாடகத்தின் மறுமேடையேற்றமாக இருந்தால் கதையே வேறு. ஒவ்வொருத்தரும் தலைக்குள் ஒரு அசலை வைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அந்த அசலுக்கும் மேடையில் நடப்பதற்கும் இடையில் உள்ள தூரம்தான் அன்றைய ராத்திரியின் சண்டை. பழைய பாட்டு ரீமிக்ஸ் ஆகும்போது நம்ம வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடக்கிற வாக்குவாதம் மாதிரிதான், ஆனால் இங்கே பணயம் கொஞ்சம் பெரிசு.

சரி, 2011க்கு வருவோம். பாஸ்டனை ஒட்டியிருக்கிற கேம்பிரிட்ஜில் அமெரிக்கன் ரெப்பர்டரி தியேட்டர் என்று ஒரு நாடக நிறுவனம். அதன் கலை இயக்குநர் டயான் பாலஸ் இந்த நாடகத்தை மியூசிக்கலாக மாற்றி மேடையேற்றத் திட்டமிட்டார். இது அவராகக் கிளப்பிய யோசனை இல்லை, உரிமை வைத்திருந்த குடும்பத்தினரே அப்படி ஒரு வடிவத்தை விரும்பினார்கள். எழுத்துப் பக்கத்தைத் திருத்த சூசன்-லோரி பார்க்ஸ் வந்தார். 2002இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசை வென்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். இசைப் பக்கத்துக்கு டீட்ரா முர்ரே. பெஸ் பாத்திரத்துக்கு ஆட்ரா மெக்டொனால்ட், போர்கியாக நார்ம் லூயிஸ்.

நியூயார்க் டைம்ஸில் இந்தக் குழுவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அதில் அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த நாடகத்தின் மனிதர்கள் பல இடங்களில் அட்டையில் வெட்டிய உருவங்கள் மாதிரி இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பின்கதை வேண்டும். பாடி நகர்த்துகிற வசனங்களைப் பேச்சாக்க வேண்டும். முடிவைக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை தருகிற மாதிரி மாற்றலாம். கெர்ஷ்வின் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தால் அவரே இதற்குத் திரும்பி வந்து மாற்றியிருப்பார் என்றும் பார்க்ஸ் சொல்லியிருந்தார்.

அதற்குப் பதில் சொன்னவர் ஸ்டீஃபன் சோந்தைம். அமெரிக்க இசை நாடக உலகில் அப்போது உயிரோடிருந்தவர்களில் மூத்தவர், பெரியவர். ஆகஸ்ட் 10 வாக்கில் அவருடைய கடிதம் வெளியானது. கடுமையான கடிதம். நாடகத்தைப் பார்த்துவிட்டு எழுதியதில்லை, அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதியது. அவருடைய கோபத்தில் மூன்று இழைகள் இருந்தன. ஒன்று, இந்தப் பாத்திரங்கள் முழுமையற்றவை என்று சொன்ன அலட்சியம். இரண்டு, முடிவை மாற்ற நினைத்தது. மூன்று, தலைப்பு. ‘தி கெர்ஷ்வின்ஸ் போர்கி அண்ட் பெஸ்’ என்று வைத்திருந்தார்கள். அதாவது கெர்ஷ்வின் சகோதரர்களின் போர்கி. மூல நாவலையும் ஓப்பராவின் உரையையும் பல பாடல்களையும் எழுதிய டுபோஸ் ஹேவர்டின் பெயரையே காணோம். ஹேவர்டின் பாடல் வரிகளை இசை நாடக உலகத்தின் உச்சம் என்று மதித்தவர் சோந்தைம். அதனால் அவருக்கு இது பொறுக்கவில்லை. நேர்மையாக இருக்க விரும்பினால் ‘டயான் பாலஸின் போர்கி அண்ட் பெஸ்’ என்று விளம்பரம் செய்யுங்கள் என்பது அவருடைய இறுதி அடி.

இதற்குப் பிறகு ரசிகர்கள் பிரிந்த விதத்தைப் பார்த்தால் எனக்கு நாலு கட்சி தெரிகிறது.

முதல் கட்சி ஓப்பரா ரசிகர்கள். இது ஓப்பரா, இதில் கை வைக்காதே என்றவர்கள். பெரிய வாத்தியக்குழு, பயிற்சி பெற்ற குரல்கள், முழு நீளம், இவை இல்லாவிட்டால் போர்கி இல்லை என்பது அவர்கள் நிலை. இரண்டாவது கட்சி மியூசிக்கல் ரசிகர்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கிற, வருஷத்துக்கு ஒரு முறைகூட எங்கள் ஊருக்கு வராத ஒன்றை இரண்டரை மணி நேரத்தில் பிராட்வேயில் பார்க்க முடிந்தால் என்ன நஷ்டம் என்று கேட்டவர்கள். மூன்றாவது கட்சிக்கு இசையைவிட நிறம் முக்கியம். வெள்ளைக்காரர்கள் எழுதிய கறுப்பின வாழ்க்கையை ஒரு கறுப்பினப் பெண் எழுத்தாளர் திருத்தும்போது மட்டும் ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்டார்கள். நாலாவது கட்சி, முதலில் பார்ப்போமே, பிறகு பேசுவோம் என்றவர்கள். அறிவார்ந்த கட்சி. ஆனால் எந்தச் சண்டையிலும் இவர்கள் குரல் எடுபடுவதில்லை, பாவம்.

இந்த நாலு கட்சியில் மூன்றுக்கு 1935லேயே முன்னோர்கள் இருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்தால்தான் இந்தச் சண்டை எவ்வளவு பழசு என்று புரியும்.

கதை தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத்தில் நடக்கிறது. ஹேவர்ட் அந்த ஊர்க்காரர், வெள்ளையர். ஆட்டு வண்டியில் ஊர் சுற்றிய சாமுவேல் ஸ்மால்ஸ் என்ற நிஜ மனிதர் ஒருவரிடமிருந்துதான் அவருக்கு போர்கி கிடைத்தான். நாவல் 1925இல் வந்தது. 1927இல் அவரும் மனைவி டோரதியும் சேர்ந்து அதை நாடகமாக்கினார்கள். கெர்ஷ்வின் 1934 கோடையில் சார்ல்ஸ்டன் பக்கத்து ஃபாலி தீவில் போய்த் தங்கி, அங்கிருந்த கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்களைக் கேட்டுவிட்டு வந்தார்.

மெட்ரோபாலிட்டன் ஓப்பரா தரப்பிலும் இந்தப் படைப்பின் மேல் ஆர்வம் இருந்தது. ஆனால் கெர்ஷ்வினுக்குக் கறுப்பினப் பாடகர்கள் வேண்டும். அந்த மேடையில் ஒரு கறுப்பினப் பாடகி முதன்முதலாக முக்கிய வேடத்தில் பாடியதே 1955இல்தான், மரியன் ஆண்டர்சன். 1935இல் அதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. முகத்தில் கரி பூசிக்கொண்டு நடிப்பதில் பேர் போன அல் ஜோல்சனும் போர்கியாக நடிக்க ஆசைப்பட்டார், அது நடக்கவில்லை. ஆக, ஓப்பராவாக எழுதப்பட்ட ஒன்று பிராட்வே அரங்கில் பிறந்ததற்கு இனப் பாகுபாடும் ஒரு முக்கியக் காரணம். ‘இது ஓப்பராவா மியூசிக்கலா’ என்ற கேள்வியை ரசனைப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

1935 செப்டம்பர் 30ஆம் தேதி பாஸ்டனில் காலனியல் தியேட்டரில் வெள்ளோட்டம். கைதட்டல் அமோகம். ஆனால் நீளம் அதிகம், இடைவேளைகளோடு சேர்த்து ஏறக்குறைய நாலு மணி நேரம். கெர்ஷ்வின், இயக்குநர் ரூபன் மாமூலியன், நடத்துநர் அலெக்சாண்டர் ஸ்மாலென்ஸ் எல்லோரும் கூடிப் பேசி வெட்ட ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் வந்த ஜாஸ்போ பிரவுன் பியானோ இசை போனது. ‘பஸ்ஸர்ட் சாங்’ என்கிற கழுகுப் பாட்டு போனது. இன்னும் பல பகுதிகள் போயின. அக்டோபர் 10ஆம் தேதி நியூயார்க்கின் ஆல்வின் தியேட்டரில் திறந்தபோது இருந்தது, வெட்டுப்பட்ட வடிவம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது பாருங்க. பாடகர்களுக்கான அச்சுப் பிரதி இந்த வெட்டுகளுக்கு முன்பே அச்சாகிவிட்டது. அதில் எல்லாம் இருக்கிறது. ஆக, 1935லேயே இரண்டு அசல். அச்சில் இருக்கிற முழு வடிவம் ஒன்று, கெர்ஷ்வின் சம்மதத்தோடு மேடையில் ஓடிய வெட்டிய வடிவம் இன்னொன்று. பிற்காலத்தில் ஹூஸ்டன் கிராண்ட் ஓப்பரா 1976இல் முழுமையாக மேடையேற்றியபோது, இதோ உண்மையான போர்கி திரும்பக் கிடைத்துவிட்டது என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். இல்லை, கெர்ஷ்வின் கடைசியாக ஒப்புக்கொண்டது வெட்டிய வடிவம்தானே, அதுதானே அசல் என்று சார்ல்ஸ் ஹாம் போன்ற இசை வரலாற்றாளர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘அசலைத் தொடாதே’ என்று சொல்கிறவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அசல் என்பதுதான்.

திறப்பு விழாவுக்கு நியூயார்க் டைம்ஸ் இரண்டு விமர்சகர்களை அனுப்பியது. நாடகத்துக்கு புரூக்ஸ் அட்கின்சன், இசைக்கு ஓலின் டவுன்ஸ். இதை எந்த அலமாரியில் வைப்பது என்று பத்திரிகைக்கே தெரியவில்லை! வசனத்தை ஏன் பாடிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது நாடகக்காரரின் சங்கடம். ஓப்பராவுக்குரிய ஒருமை வரவில்லையே என்பது இசைக்காரரின் சங்கடம். 2011இன் முதல் இரண்டு கட்சிகள் அன்றைக்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

மூன்றாவது கட்சியும் இருந்தது. இசையமைப்பாளரும் விமர்சகருமான வர்ஜில் தாம்சன் அப்போதே எழுதினார்: ஒரு மக்கள் கூட்டத்தின் கதையை வெளியாள் சொல்வதற்கு, அந்த மக்கள் தாங்களே பேச முடியாத நிலையில் இருந்தால்தான் அர்த்தம். 1935இன் அமெரிக்கக் கறுப்பினத்தவர் அந்த நிலையில் இல்லை. கறுப்பின இசையமைப்பாளர் ஹால் ஜான்சனும் விரிவாக ஒரு விமர்சனம் எழுதினார். சூதாட்டம், கொலை, போதைப்பொடி, மூடநம்பிக்கை, இதுதான் எங்கள் வாழ்க்கையா என்ற கேள்வி அன்றைக்கே பலரிடம் இருந்தது.

ஆனால் அந்த மேடையில் நின்று பாடியவர்களின் கதை இன்னும் சிக்கலானது. முதல் போர்கி டாட் டங்கன், முதல் பெஸ் ஆன் பிரவுன். முறையாகப் படித்த பாடகர்கள், ஆனால் ஓப்பரா மேடைகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. இந்த நாடகம் திறந்தது. 1936இல் குழு வாஷிங்டனின் நேஷனல் தியேட்டருக்குப் போனது. அங்கே பார்வையாளர்களில் நிறப் பாகுபாடு உண்டு. என் மக்கள் வந்து பார்க்க முடியாத இடத்தில் நான் பாட மாட்டேன் என்று டங்கன் நின்றுவிட்டார். சமரசம் பேசிப் பார்த்தார்கள், அவர் அசையவில்லை. கடைசியில் இந்த நாடகம் ஓடிய நாட்களுக்கு மட்டும் அந்த அரங்கம் எல்லோருக்கும் எல்லா இருக்கைகளையும் திறந்துவிட்டது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்துகிறது என்று விமர்சிக்கப்பட்ட நாடகம் ஒரு நிறச் சுவரை உடைக்கவும் கருவியானது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது.

பிறகு வந்தவர்களுக்கும் இந்த இழுபறி இருந்துகொண்டே இருந்தது. 1959இல் வந்த திரைப்படத்தில் நடிக்க ஹாரி பெலஃபான்டே மறுத்தார். சிட்னி போய்ட்டியர் மனசில்லாமல்தான் நடித்தார். 1985இல் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா முதன்முறையாக இதை மேடையேற்றியபோது பெஸ் பாடிய கிரேஸ் பம்ப்ரிக்கும் இந்த வேடத்தின் மேல் தயக்கம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

இன்னொரு விஷயம். வசனத்தைப் பேச்சாக்குவது பாலஸின் கண்டுபிடிப்பு இல்லை. கெர்ஷ்வின் 1937இல் 38 வயதில் இறந்துபோனார். ஹேவர்ட் 1940இல் போனார். 1942இல் செரில் கிராஃபோர்ட் என்ற தயாரிப்பாளர் பாடி நகர்த்திய பகுதிகளில் பெரும்பாலானவற்றைப் பேச்சாக்கி, நடிகர்களையும் வாத்தியங்களையும் குறைத்து மறுபடி பிராட்வேக்குக் கொண்டுவந்தார். 1935இல் 124 காட்சிகளோடு பண நஷ்டத்தில் முடிந்த நாடகம், இந்த வடிவத்தில் 286 காட்சிகள் ஓடியது. பல வருஷம் ரசிகர்கள் ‘போர்கி’ என்று அறிந்திருந்தது இந்த மாதிரி சுருக்கிய வடிவங்களைத்தான். முழு வடிவம் கௌரவத்தோடு திரும்பியது 1976இல். ஆக, ஒரு தலைமுறைக்கு மியூசிக்கல் அசல், அடுத்த தலைமுறைக்கு ஓப்பரா அசல். 2011இல் கோபப்பட்ட ஓப்பரா ரசிகர்கள் பாதுகாத்தது முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

அப்படியென்றால் சோந்தைமின் கோபம் அர்த்தமில்லாததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளோட்டத்தில் மாற்றுவது என்றால் என்ன என்று அவரைவிட அனுபவித்தவர்கள் குறைவு. 1962இல் ‘எ ஃபன்னி திங் ஹாப்பண்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்’ வாஷிங்டனில் படுத்துக் கிடந்தபோது, தொடக்கப் பாட்டைத் தூக்கிவிட்டு ‘காமெடி டுநைட்’ எழுதிக் கொடுத்தார், நாடகம் எழுந்து நின்றது. 1970இல் ‘கம்பெனி’யின் கடைசிப் பாட்டை பாஸ்டன் வெள்ளோட்டத்தில் மாற்றினார். 1981இல் ‘மெரிலி வி ரோல் அலாங்’ முன்னோட்டத்தில் ரசிகர்கள் பாதியில் எழுந்து போனதைப் பார்த்தவர். 52 முன்னோட்டம், திறந்த பிறகு வெறும் 16 காட்சி. அதை அவரே பல வருஷம் திருத்திக்கொண்டிருந்தார். ஆக, மாற்றமே கூடாது என்கிறவர் இல்லை அவர். உயிரோடு இருக்கிற ஆசிரியர் தன்னுடையதை மாற்றுவதும், இறந்துபோனவர் இருந்திருந்தால் இப்படித்தான் மாற்றியிருப்பார் என்று மற்றவர்கள் சொல்வதும் ஒன்றில்லை என்பதுதான் அவருடைய வாதம். இந்த வாதத்தை நான் முழுசாகவே ஏற்கிறேன். ஹேவர்டின் பெயர் விஷயத்திலும் அவர் சொன்னது சரி.

ஏற்க முடியாதது, பார்க்காமலே தீர்ப்பு எழுதியதை. வெள்ளோட்டம் என்ற ஏற்பாடே, இன்னும் முடியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்கிற ஒப்பந்தம். பேட்டியில் சொன்ன நோக்கத்தை வைத்து நாடகத்தை எடைபோட்டால் அந்த ஒப்பந்தம் உடைந்துபோகிறது. அதைவிட முக்கியம், அந்தச் சத்தத்தில் பார்க்ஸும் மெக்டொனால்டும் எழுப்பிய கேள்வி காணாமல் போனது. பெஸ் ஏன் இப்படி நடந்துகொள்கிறாள், அவள் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்று அந்த வேடத்தைச் சுமக்கப் போகிற பெண் கேட்பது ஆணவமா? ஹால் ஜான்சன் காலத்திலிருந்து கேட்கப்படுகிற கேள்விதானே இது.

நாடகம் என்ன ஆயிற்று? கேம்பிரிட்ஜில் ஓடிவிட்டு, டிசம்பரில் பிராட்வேயில் முன்னோட்டம் ஆரம்பித்து, 2012 ஜனவரி 12இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டரில் திறந்தது. அதற்குள் அந்த மாற்று முடிவு கைவிடப்பட்டிருந்தது. பெஸ்ஸைத் தேடி போர்கி நியூயார்க் கிளம்புகிற பழைய முடிவே மேடையில் இருந்தது. ஆனால் ஆட்டு வண்டி இல்லை. நார்ம் லூயிஸின் போர்கி கைத்தடி ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்தான். இதிலும் ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். தரையோடு தரையாகக் கிடந்தவனை எழுப்பி நிற்க வைத்தது மரியாதை என்றார்கள் சிலர். நடக்கவே முடியாதவன் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகக் கிளம்புவதில்தானே அந்த முடிவின் வலி இருக்கிறது என்றார்கள் சிலர். ‘சம்மர்டைம்’ தாய் மட்டும் பாடுகிற தாலாட்டாக இல்லாமல், அப்பாவும் சேர்ந்து பாடுவதாக மாறியிருந்தது. இதையும் ரசித்தவர்கள் உண்டு, முகம் சுளித்தவர்கள் உண்டு.

மெக்டொனால்டின் பெஸ்ஸைப் பற்றி மட்டும் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. அவருக்கு ஐந்தாவது டோனி விருது கிடைத்தது. சிறந்த மறுமேடையேற்ற மியூசிக்கலுக்கான டோனியும் இதற்கே. செப்டம்பர் 23ஆம் தேதி வரை 293 காட்சிகள் ஓடியது. உண்மையான போர்கி இதனால் அழிந்துபோனதா என்றால், அதுவும் இல்லை. 2019 செப்டம்பரில் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா முழு ஓப்பராவாக இதை மேடையேற்றியது. எரிக் ஓவன்ஸும் ஏஞ்சல் ப்ளூவும் பாடினார்கள். டிக்கெட் தீர்ந்து, கூடுதல் காட்சிகள் போட்டார்கள்.

மறுமேடையேற்றம் எதையும் அழிப்பதில்லை, பழைய பிரதி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்வது சுலபம். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை காசு சேர்த்து பிராட்வேக்கு வருகிற குடும்பத்துக்கு அலமாரி தெரியாது. அன்று ராத்திரி பார்த்ததுதான் அவர்களுடைய போர்கி. அதனால்தான் விளம்பரப் பலகையில் யார் பெயர் இருக்கிறது, யார் மாற்றியது என்பதெல்லாம் சின்ன விஷயமில்லை. மாற்றுங்கள், மாற்றியதைச் சொல்லிவிட்டு மாற்றுங்கள், மூலக்காரர்கள் ஒருவர் பெயரையும் விடாதீர்கள். இந்தச் சண்டையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.

ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு யோசனை. மூன்று பதிவுகளை இந்த வரிசையில் கேளுங்கள்: 1935 மேடை வடிவத்தை மீட்டு, ஜான் மௌசேரி நடத்துநராக இருந்து நாஷ்வில் சிம்ஃபனி 2006இல் வெளியிட்டது, 1976 ஹூஸ்டன் முழு வடிவம், 2012 பிராட்வே வடிவம். முதலில் மூன்றிலும் ‘சம்மர்டைம்’ மட்டும் போதும். பிறகு கடைசிக் காட்சி. இடையில் இருக்கிற ராத்திரிகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் நாலாவது கட்சியில் இருப்பதுதான் உத்தமம்.